வெறுங்கால் பிரதி

என் தலைக்கு மேலே குடியிருக்கிற பெண்மணி இருபத்தாறு வருஷம் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். நான் கடந்து போன பிறகுதான் இறங்குவாள். தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட நேராகச் சொல்ல மாட்டாள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே புருஷனைக் கூப்பிட்டு, "கீழ் வீட்டு வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்க, குழாய் ஒழுகுதுன்னு" என்பாள். அவரும் என் பக்கம் திரும்பி, "குழாய் ஒழுகுதாம்" என்பார். "சரி பண்ணிடறேன்னு சொல்லுங்க" என்பேன் நான். "பண்ணிடறாராம்" என்பார் அவர். பாவம், இரண்டு பேருக்கு நடுவில் தந்திக் கம்பம் மாதிரி நின்றே அந்த மனுஷருக்குத் தலை நரைத்துவிட்டது.

தப்பு என் மேல்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

நான் ஸ்டுடியோ கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவன். நாங்கள் இருப்பது பழைய ஸ்டுடியோ குடியிருப்பு. கீழே நான்கு வீடு, மேலே நான்கு வீடு, நடுவில் ஒரு படிக்கட்டு. மேல்வீட்டு மனுஷர் செட்டு போடுகிற மேஸ்திரி. இரண்டு நாள் கொடுத்தால் அரண்மனை கட்டுவார், ஒரே நாளில் அதைப் பிரித்து ஜெயில் ஆக்குவார். அவர் பெண்சாதிதான் நான் சொல்கிறவள். குடியிருப்பில் அவளை எல்லோரும் டக்டக் என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் யார் நடந்தாலும் அந்தக் காலடிச் சத்தம் அவளுடையது.

படம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. படம் பிடிக்கும்போது காலடிச் சத்தம் சரியாகப் பதியாது. பிறகு ஒரு அறையில் படத்தை ஓடவிட்டு, மைக்குக்கு முன்னால் ஒருத்தர் அதே மாதிரி நடந்து காட்ட வேண்டும். அவள் அறையில் மணல் தொட்டி, சரளைக்கல் தொட்டி, பலகை, கருங்கல் எல்லாம் வரிசையாக இருக்கும். ஓரத்தில் ஒரு தகரப் பெட்டி நிறையச் செருப்பும் பூட்ஸும். கதாநாயகி ஓடினால் அவளுடைய மெல்லிய செருப்பைப் போட்டுக்கொண்டு மணலில் ஓடுவாள். வில்லன் வந்தால் கனத்த பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு பலகையில் நடப்பாள். நெருப்பு எரிய வேண்டுமென்றால் கண்ணாடிக் காகிதத்தைக் கசக்குவாள். மழை வேண்டுமென்றால் ஒரு தட்டில் அரிசியைச் சாய்ப்பாள். பசித்தால் அந்த அரிசியையே வேக வைத்துச் சாப்பிட்டுவிடுவோம் என்று அவளே சிரிப்பாள். அப்போதெல்லாம் என்னோடும் சிரித்துப் பேசுவாள்.

முதலாளிதான் கதாநாயகன். அவரைப் பெரியவர் என்போம். சொந்த ஸ்டுடியோ, சொந்தப் படம், சொந்த முகம். அவருடைய நடைக்குக் கொட்டகையில் விசில் பறக்கும். குரலுக்குக்கூட அவ்வளவு இல்லை, நடைக்குத்தான். ஒரு படத்தில் தளபதி வேஷம் கட்டி, முட்டி வரை பூட்ஸ் போட்டு, தர்பார் மண்டபத்தில் நாற்பது காலடி நடப்பார். பின்னால் பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை, வெறும் காலடி மட்டும். ஜனங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கை தட்டினார்கள். அந்த நாற்பதும் டக்டக்கின் காலடி. பெரியவர் தெருவில் நடந்தால் அந்தச் சத்தம் வராது, கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

ஆனால் அவருடைய காதைக் குறை சொல்ல முடியாது. பாம்புக் காது. ஒலிப்பதிவு அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "மூணாவது அடியில செருப்பு மாறியிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் மாறித்தான் இருக்கும்.

கேட்டில் நான் முப்பத்தொரு வருஷம் நின்றேன். தொழில் எப்படி மாறியது என்று படித்தவர்கள் ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே எது வந்தது, வெளியே எது போனது என்பதுதான். முதலில் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். நானூறு பேர் வருகை அட்டையில் நேரம் குத்திக்கொண்டு உள்ளே போவார்கள். தையல்காரர், விக் கட்டுகிறவர், பெயிண்டர், வயலின்காரர் எல்லோருக்கும் மாதச் சம்பளம். கதை எழுதுகிறவருக்குக்கூட அட்டை உண்டு, தாமதமாக வந்தால் அவருக்கும் திட்டு உண்டு. உள்ளே போன வெறும் பிலிம், முழுப் படமாகத் தகர டப்பாவில் வெளியே வரும்.

பிறகு ஒரு நாள் அது நின்றது. சொந்தப் படம் கிடையாது, படப்பிடிப்புத் தளத்தை வாடகைக்கு விடுவதுதான் இனிப் பிழைப்பு என்றார்கள். வெளியார் வேன் வந்தது, சாயங்காலம் போனது. யார் படம், என்ன படம் என்று எனக்கே தெரியாது. அப்புறம் சீரியல். ஒரே சோபா உறை மாற்றி ஏழு வீட்டுக்குள் போய் வந்தது. அப்புறம் டிவி நிகழ்ச்சியில் கை தட்டுவதற்கென்றே பஸ்ஸில் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, இவன் கையைக் காட்டினால் சிரி, அவன் கையைக் காட்டினால் அழு என்றார்கள். அதற்கப்புறம் இரண்டு தளத்தை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார்கள். கழுத்தில் அட்டை தொங்கப் பிள்ளைகள் வந்தார்கள். கேட்டில் வெளியே போவதற்கு எந்தப் பொருளும் இல்லை. படமெல்லாம் கம்பி வழியாகப் போகிறதாம். கம்பிக்கு எதற்கு வாட்ச்மேன்? எனக்குப் பதிலாக ஒரு மெஷினை வைத்தார்கள், அது சலாம் போடாது, பீடி கேட்காது. என்னைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கண் போய்விட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் அவருடைய பழைய படங்களை டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். காட்ட என்ன இருக்கிறது, அவர் கேட்பார்.

சொந்தப் படம் நின்ற அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள். என் சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று ஆளுக்கொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள். டக்டக் மட்டும் பெரியவர் முகத்தைப் பார்த்து, "எனக்கு விருப்பம் இல்லையே, எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்று கேட்டாளாம். கடைசியில் போட வைத்துவிட்டார்கள். ஆனால் நூறு பேர் நடுவில் கேட்ட அந்தக் கேள்வி அவர் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். நல்ல கோடை. கேட்டில் ஒவ்வொருவர் பையையும் சோதித்து அனுப்பச் சொல்லி உத்தரவு. பெரியவர் கார் கேட்டோரம் நின்றிருந்தது, கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. டக்டக் வந்தாள். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துண்டும்தான் இருந்தன. போகலாம் என்று கையைக் காட்டினேன். நாலடி நடந்திருப்பாள். காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நிறுத்து அவளை. அது நம்ம படத்துச் செருப்பு."

அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சத்தத்தை வைத்துச் சொன்னார்.

குனிந்து பார்த்தேன். அவளும் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். காலையில் ஒரு காட்சிக்குக் கதாநாயகி நடையை முடித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியே வந்துவிட்டாள். நாள் பூராவும் மற்றவர் செருப்பிலேயே இருக்கிறவளுக்குத் தன் செருப்பு எது என்று நினைவிருக்குமா? அவளுடைய சொந்தச் செருப்பு அறைக்குள் இருந்தது. அறையைப் பூட்டி அரக்கு வைத்தாயிற்று.

"ஐயோ, மறந்துட்டேன்யா. உள்ள என்னோடது இருக்கு, எடுத்துக்கிட்டு இதைப் போட்டுடறேன்" என்றாள் என்னிடம்.

"பூட்டின அறையைத் திறக்கறதில்லை. ரிஜிஸ்டரைப் பாருய்யா" என்றது கார்.

பார்த்தேன். நாற்பத்தொன்றாம் எண், பெண்கள் தோல் செருப்பு, பழுப்பு, ஒரு ஜோடி. அப்படித்தான் இருந்தது.

"கழட்டும்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். கார் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

கழற்றினாள். தார் ரோடு. பொழுது உச்சியில். குடியிருப்புக்குக் குறுக்கு வழி கிடையாது, சுற்றிக்கொண்டு இரண்டு மைல். குதிகால் ஊன்றாமல், கால் விளிம்பில் ஏறி ஏறி, கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடையாக அவள் போனதைத் திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலில் கம்பெனி பூட்ஸ் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு அதைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, பயந்தேன்.

பத்தொன்பது நாள் அவள் நடக்கவில்லை என்று மேஸ்திரி பிற்பாடு சொன்னார். அவளுடைய சொந்தச் செருப்பு என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவும் எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். மேஸ்திரியின் மகளை நாங்கள் பாப்பா என்போம். முப்பது வயசாகிறது, இன்னும் பாப்பாதான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒலிப் பிரிவில் வேலை, ஒப்பந்தத்தில். பெரியவர் மகன், சின்னவர், இப்போது முதலாளி. படம் எடுப்பதும் இல்லை, வாடகைக்கு விடுவதும் இல்லை. அப்பா எடுத்ததை விற்பதுதான் அவர் தொழில். பெரியவரின் பன்னிரண்டு படத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றிருக்கிறார். வீட்டு டிவியிலும் போனிலும் ஓடவிடுகிற கம்பெனி. அவர்கள் ஒன்பது பாஷையில் பேச வைக்கப் போகிறார்களாம். அதற்குப் பேச்சு தனியாக, சத்தமும் இசையும் தனியாக வேண்டும். இங்கே எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கிறது. தனியாக இருந்த டேப்பை எல்லாம் சீரியல் காலத்தில் அழித்து, அதன் மேலேயே மாமியார் சண்டையைப் பதிந்துவிட்டார்கள்.

ஒரு நாள் படிக்கட்டில் சண்டை கேட்டது. நான் கதவோரம் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, படிக்கட்டு வீட்டுக்குள் இருப்பது மாதிரிதான் எங்களுக்கு.

"இசையை எப்படியோ பிரிச்சு எடுத்துட்டோம்மா. காலடி வரல. பேச்சோட ஒட்டிக்கிட்டுப் பிஞ்சு பிஞ்சு வருது. வேற ஆளை வச்சு நடந்து பாத்தோம், பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டற மாதிரி இருக்கு. நீதான் நடக்கணும்."

"அந்தக் கேட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

"மைக்கை வீட்டுக்கே கொண்டு வரேன்."

"அந்தாளுக்கு நடக்க மாட்டேன்."

"அம்மா, இது முடிஞ்சா ஒலிப் பிரிவு என் கையில. நிரந்தர வேலை. முடியலைன்னா இந்த மாசத்தோட என்னை அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். என்னையும்தான் அனுப்பினாங்க. செத்தா போயிட்டேன்?"

"ஒரு செருப்புக்காக இருபத்தாறு வருஷமா? நீ பிடிச்ச பிடிக்கு நான் எதுக்கும்மா வேலையை விடணும்?"

மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது. மேஸ்திரி கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"என்னய்யா பண்றது?" என்றார். "மகள் சொல்றதும் நியாயம், இவ சொல்றதும் நியாயம். நான் யார் பக்கம் பேசினாலும் அடுத்த பக்கத்துல சோறு கிடையாது."

"பெரியவர் ரொம்ப ஆவலா இருக்காருண்ணே" என்றேன், பேச்சை மாற்றுவதற்காக. "கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்தையும் அவர் ஒரு தடவை கேட்டுச் சரி சொல்லணுமாம். சின்னவர் அப்படி ஏற்பாடு பண்ணியிருக்காரு. கண்ணு போனாலும் காது அப்படியே இருக்குண்ணே. நேத்து அடுப்படியில ஸ்பூன் விழுந்தது, எந்த ஸ்பூன்னு சொல்றாரு."

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் படியின் மேல் நின்றிருந்தாள்.

"அவரைக் கேளுங்க" என்றாள் புருஷனிடம். "எல்லாப் படத்தையும் அந்தாளு கேப்பாராமா?"

"கேப்பாராமா?" என்றார் மேஸ்திரி என்னிடம்.

"கேப்பாருன்னு சொல்லுங்க. நான்தான் போட்டுக் காட்டறது."

அவள் வீட்டுக்குள் திரும்பினாள். பிறகு அவள் குரல், மகளுக்கு.

"மைக்கைக் கொண்டா."

மறுநாளே வேலை ஆரம்பமானது. மேஸ்திரிக்கு வயசு பத்துக் குறைந்துவிட்டது. பலகையில் தொட்டி அடித்தார். மணலைச் சலித்துக் கொட்டினார். பழைய மெத்தையை எல்லாம் சுவரில் சார்த்தி நிறுத்தினார். கருங்கல் பலகையை நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு மாடியேறினோம். இருபத்தாறு வருஷத்தில் அந்த வாசற்படியை நான் தாண்டியது அன்றுதான். அவள் அடுக்களைப் பக்கம் திரும்பி நின்றாள்.

தெரு அடங்கியிருப்பது பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. அந்த நேரத்தில்தான் பதிவு. எனக்குத் தந்திக் கம்பம் வழியாக ஓயாமல் உத்தரவு வந்தது. "மின்விசிறியை நிறுத்தணுமாம்." "குக்கர் விசில் வரக் கூடாதாம்." "இருமலை வெளியே போய் இருமிட்டு வரணுமாம்." வேர்வை வழிய உட்கார்ந்திருப்பேன். மேலே குதிரை ஓடும், கதவு உடையும், ஒரு பட்டாளமே அணிவகுத்துப் போகும். அறுபது வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி அத்தனை பேராகவும் நடந்துகொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தினமும் வேலை முடிந்து மைக்கைச் சுருட்டி வைத்த பிறகு, ஒரு நடை கேட்கும். சரியாக என் தலைக்கு மேலே. வெறுங்கால். அவசரமாக, குதிகால் ஊன்றாமல். எண்ணிப் பார்த்தேன், நாற்பது. ஏதோ ஒரு ஏழைப் பெண் வருகிற காட்சிக்கு ஒத்திகை பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு எப்போதும் வசதியானதுதானே முதலில் தோன்றும்.

பதினோரு படம் முடிந்தது. பாப்பா ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து கொடுப்பாள், நான் பெரியவருக்குப் போடுவேன். தலையை ஆட்டி ரசிப்பார். "இதுதான்யா என் நடை" என்பார். டக்டக் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பன்னிரண்டாவதுதான் அந்தத் தளபதி படம். பதிவன்று மெத்தை சார்த்திய மரச்சட்டத்துக்கு முட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமென்று மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். ஓரமாக நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னத் திரையில் பெரியவர் தர்பாருக்குள் நுழைந்தார். பூட்ஸ் அவள் பக்கத்தில் தயாராக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வெறுங்காலோடு கருங்கல்லில் ஏறினாள். நடந்தாள். திரையில் பூட்ஸ் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் இவள் கால் விழுந்தது. நேரம் ஒரு மயிரிழை தப்பவில்லை. ஆனால் அது அவர் நடை இல்லை. அது எந்த நடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாப்பா ஹெட்போனைக் கழற்றினாள். "அம்மா, அவர் பூட்ஸ் போட்டிருக்காரு."

"தெரியும்."

"இது வெறுங்கால்."

"அதுவும் தெரியும்."

"கம்பெனியில இதைத் தூக்கி மூஞ்சியில எறிவாங்க. அவ்வளவு நாள் உழைச்சது போயிடும். என் வேலை போயிடும்."

"பதினோரு படத்துல ஒரு அடி பிசகினேனா? உனக்காக நடந்தேன். இது எனக்கு. நாப்பது அடி. ஒன்பது பாஷையில பேசப் போறான் இல்ல? அத்தனையிலயும் அவன் குரல் போயிடும், எவனோ பேசுவான். மிச்சம் இருக்கறது நடை மட்டும்தான். அது என் கால். என் கால் எப்படி நடந்ததுன்னு அவன் கேக்கட்டும்."

"உன் வஞ்சத்துக்கு நான் பலியாகணுமா?"

"உனக்கு அப்ப நாலு வயசு. உனக்கென்ன தெரியும்?"

பாப்பா தன் தாயின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் தோல் வேறு நிறமாகத் தேங்காய்த் துண்டு அகலத்துக்கு ஒரு தழும்பு. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வாளி தெரியும். நீல வாளி. நீ காலை விட்டுக்கிட்டு உக்காந்திருப்ப. நான் அந்தத் தண்ணியில காகிதக் கப்பல் விட்டேன். உன் கால் மேல முட்டிச்சு, நீ கத்தின. நான் என்னவோ தப்புப் பண்ணிட்டேன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மேஸ்திரி துண்டால் மூக்கைத் துடைத்தார். டக்டக் கல்லை விட்டு இறங்கவில்லை.

"பூட்ஸ்ல ஒரு தடவை நட" என்றாள் பாப்பா. "முழுசா, சரியா நட. அதையும் பதியறேன்."

"அப்ப இது?"

"இதையும் அழிக்க மாட்டேன். நடம்மா முதல்ல."

நடந்தாள். அந்தப் பழைய நாற்பது காலடி, கம்பீரம் குறையாமல் விழுந்தது.

மூன்று நாள் கழித்துப் பாப்பா என் வாசலுக்கு வந்தாள். கையில் விரல் நீளத்துக்குப் பென் டிரைவ்.

"கம்பெனிக்குப் போகப் போறது பூட்ஸ் நடைதான் மாமா. இது அவருக்கு மட்டும். ஒரே பிரதிதான் இருக்கு. நீங்கதானே போடப் போறீங்க?"

"ஆமாம்மா."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இந்தத் தடவையாவது."

வாங்கிக்கொண்டேன்.

அன்று நான்கு மணிக்குப் போட்டேன். பெரியவர் சாய்வு நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்பார் வரப் போகிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்தார். இசை நின்றது. கதவு திறந்தது. நடை ஆரம்பித்தது.

பத்துக் காலடி போவதற்குள் அவர் கை நாற்காலியைப் பிடித்தது.

"நிறுத்து. திரும்பப் போடு."

போட்டேன். இந்த முறை நாற்பதும் போனது. "இன்னொரு தடவை" என்றார். அதையும் போட்டேன்.

"என் கால்ல பூட்ஸ்தானே?"

"ஆமாங்க. முட்டி வரைக்கும்."

"அப்ப இது யார் கால்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "பொம்பளைக் கால். குதி படல. சுடற தரையில நடக்கறா." சால்வையை இழுத்துக்கொண்டார். "உயிரோட இருக்காளா?"

"இருக்காங்க. என் வீட்டு மாடியிலதான்."

"ரிஜிஸ்டர்ல இருந்துச்சா இல்லையா? நீதானே பார்த்தே?"

"இருந்துச்சுங்க. நாப்பத்தொண்ணு."

"அப்புறம் என் மேல என்ன தப்பு?"

முப்பத்தொரு வருஷமாக நான் அவருக்குச் சொன்ன பதில் ஒன்றுதான், சரிங்க. அன்று அது வாயில் வரவில்லை. "வெயிலுங்க" என்றேன்.

"மாத்தச் சொல்லு. இதை மாத்தச் சொல்லு அவகிட்ட."

"சின்னவர்கிட்ட சொல்லட்டுங்களா? எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

அதே நேரத்தில் சின்னவர் போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

"அப்பா, கேட்டாச்சா? கடைசிப் படம். உங்க நடை எப்படி வந்திருக்கு? நல்லாருக்கா?"

பெரியவர் முகம் என் பக்கம் திரும்பியது. பார்க்கிற கண் இல்லை, ஆனாலும் என்னைப் பார்த்தது மாதிரியே இருந்தது. நான் சும்மா நின்றேன். காரணம் சொல்ல வேண்டுமானால் அவர்தான் சொல்ல வேண்டும்.

"நல்லாருக்கு" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. சின்னவர் போன பிறகு, "அதை அணைச்சிடு" என்றார். அணைத்தேன். அதற்குப் பிறகு இன்று வரை அவர் அந்தப் படத்தைப் போடச் சொன்னதில்லை. மற்றதைப் போட்டாலும் யாராவது நடக்கிற காட்சி வந்தால் காதைத் தீட்டிக்கொள்கிறார், பயந்துகொண்டு.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. படிக்கட்டில் டக்டக் நின்றிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டானா?"

என்னிடம்தான். நடுவில் யாரும் இல்லை.

"கேட்டாரு."

"எத்தனை தடவை?"

"மூணு."

"என்ன சொன்னான்?"

"மகன் வந்து கேட்டதுக்கு, நல்லாருக்குன்னாரு."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பசித்தவன் வயிறு நிறைந்து எழுந்திருக்கும்போது முகம் அப்படி இருக்கும். பேசிவிட்டாளே என்ற தைரியத்தில் நான் உள்ளே ஓடினேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் முன்னால் படியில் வைத்துப் பிரித்தேன். அவளுடைய சொந்தச் செருப்பு. கறுப்பு வார், ஒரு பக்கம் நூல் விட்டது.

"மறுநாள் அரக்கை உடைச்சு அறையைக் காலி பண்றப்ப நான்தாம்மா எடுத்து வச்சேன். குடுக்கத் துணிச்சல் வரல."

குனிந்து அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"மறுநாளே எடுத்துட்டியா?"

"ஆமா."

"அப்ப பத்தொன்பது நாளும் இது கீழ் வீட்டுல இருந்திருக்கு. நான் மேல தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப."

நான் பொட்டலக் காகிதத்தை மடித்தேன்.

"அந்தாளுக்கு ஒரு தடவை நடந்தாப் போதும்னு தெரியும். மைக்கைக் கட்டி வச்சப்புறம் தினம் உன் தலைக்கு மேல யாருக்காக நடந்தேன்னு நினைச்சே?"

படியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் பதிவு இல்லை. மைக்கும் போய்விட்டது, தொட்டிகளையும் மேஸ்திரி பிரித்துவிட்டார். செருப்பு படியிலேயே கிடந்தது, அவளும் எடுக்கவில்லை, எனக்கும் எடுக்கக் கை வரவில்லை. நடுப்பகல் ஒரு மணிக்கு நான் மின்விசிறியை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே ஆரம்பித்தது. வெறுங்கால், குதி ஊன்றாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று. நாற்பதாவது அடி வந்தது. பெரியவருக்கு நாற்பதோடு முடிந்துவிட்டது, எனக்கு நாற்பத்தொன்றாவது அடியும் விழுந்தது.